சுண்டிக்குளத்துக்கும் ஒரு தூரக் கணக்கு வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் ஞாயிறு இதழில் வட துருவத் தீவுகளுக்குக் கப்பலில் போவது பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். பனிப்பாறைப் படங்களும் வெண்கரடிப் படங்களும் நன்றாகவே இருந்தன. ஆனால் அங்கே போனபோது என் மனதில் ஆழமாகப் பதிந்த விஷயம் அந்தக் கட்டுரையில் இல்லை: பறவைக்கும் கரடிக்கும் எத்தனை மீற்றர் தள்ளி நிற்க வேண்டும் என்று அங்கே வைத்திருக்கும் கணக்கு. அப்படி ஒன்று எங்கள் பக்கத்துச் சுண்டிக்குளக் களப்புக்கும் வேண்டும், அதனால்தான் எழுதுகிறேன். நானும் மனைவியும் கடந்த ஆடி மாதம் அங்கே போய் வந்தோம். மகள் நோர்வேயில் தாதியாக வேலை செய்கிறாள், இரண்டு வருடம் காசு சேர்த்து எங்களைக் கூட்டிக்கொண்டு போனாள். கண்டாவளையில் வயல் செய்யும் எனக்கு அது நினைத்தும் பார்க்காத பயணம்.

ஒஸ்லோவிலிருந்து மூன்று மணி நேரம் வடக்கே பறந்தால் ஸ்வால்பார்ட் தீவுக்கூட்டத்தின் லோங்யியர்பியன் என்ற சின்னப் பட்டணம் வருகிறது, 78 பாகை வடக்கில். அங்கிருந்து ஒரு சின்னக் கப்பல். ஆடியில் அங்கே இரவே கிடையாது, நடுச்சாமத்திலும் நம்மூர்ப் பின்னேர வெயில் போல ஒரு வெளிச்சம் நிற்கும்.

ஏறிய முதல் நாளே எல்லோருடைய சப்பாத்தையும் கழுவ வைத்தார்கள். கழுவினால் மட்டும் போதாது என்று, மகளிடம் இரவல் வாங்கிப் போட்டிருந்த என் கோட்டின் ஒட்டுப்பட்டியை விரித்துப் பார்த்த வழிகாட்டிப் பெண், அதில் சிக்கியிருந்த இரண்டு புல்விதைகளை ஊசியால் கிளறி எடுத்து ஒரு பைக்குள் போட்டாள். அந்தத் தீவுகளில் வெளியிலிருந்து வரும் ஒரு விதைகூட முளைத்துவிடக் கூடாதாம். பார்த்தீனியம் என்ற களை வந்து வன்னியின் வெறுங்காணிகளையும் வீதிக்கரைகளையும் பிடித்ததைக் கண்ணால் கண்ட கமக்காரன் நான். எங்களிடம் யாரும் அந்த ஊசியை எடுக்கவில்லையே என்று அன்று இரவு நெடுநேரம் யோசித்துக்கொண்டு கிடந்தேன்.

அல்கெஃபியெல்லெட் என்று ஒரு பாறைச்சுவர், கடலிலிருந்து செங்குத்தாக எழுந்து நிற்கிறது. ஏறக்குறைய 60,000 சோடிக் கடற்பறவைகள் அதில் முட்டையிடுகின்றன, கூடே கட்டாமல், வெறும் பாறை விளிம்பில், ஒரு சோடிக்கு ஒரு முட்டை. முட்டை பேரிக்காய் வடிவம், அதனால் சரிவான பாறையிலும் எளிதில் உருளாமல் நிற்குமாம். கோழிக்கூட்டு மணம் தூரத்திலேயே வந்துவிட்டது, சத்தமென்றால் திருவிழாச் சந்தைச் சத்தம். அந்தப் பாறைக்குக் கிட்ட எங்கள் றப்பர் வள்ளத்தின் எஞ்சின் முனகிக்கொண்டுதான் போனது. ஏனென்று கேட்டேன். சித்திரை தொடங்கி ஆவணி முடியும்வரை இப்படியான பறவைப் பாறைகளுக்கு 500 மீற்றருக்குள் போனால் 5 நொட் (மணிக்கு ஏறக்குறைய 9 கிலோமீற்றர்) வேகத்தைத் தாண்டக் கூடாது என்று சட்டம் இருக்கிறதாம்.

அப்புறம் கரடி. ஐந்தாம் நாள் காலை உணவு நேரத்தில் ஒலிபெருக்கியில் சொன்னார்கள், எல்லோரும் மேல்தட்டுக்கு ஓடினோம். தொலைநோக்கியில் பார்த்தால் பனியின் நடுவே நெய் நிறத்தில் ஒரு பொட்டு, அது எழும்பி நடந்தபோதுதான் கரடி என்று தெரிந்தது. இலட்சக்கணக்கில் கொடுத்து வந்தவர்கள் அத்தனை பேரும் அந்தப் பொட்டைப் பார்க்கத்தான் வந்தவர்கள். ஒருவர் இன்னும் கொஞ்சம் கிட்டப் போகலாமா என்று கேட்டார். போக முடியாது, 300 மீற்றர்தான் எல்லை, மாசி முடிந்து ஆனி முடியும்வரை என்றால் 500 மீற்றர் என்றார்கள். அவரும் சரி என்றுவிட்டு நின்ற இடத்திலிருந்தே பார்த்தார். இந்தத் தூரக் கணக்கு 2025 ஜனவரி 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. காக்கப்பட்ட பகுதிகளுக்குள் 200 பயணிகளுக்கு மேல் ஏற்றிய கப்பல் போகக் கூடாது, கரையிறங்கவும் 43 இடங்கள்தான், ட்ரோன் பறக்கவிடவே கூடாது என்பதெல்லாமும் அதோடு வந்தவை. நாங்கள் போனதும் எரிபொருளை எரித்துக்கொண்டுதான், அந்தப் பனி உருகுவதில் எங்களுக்கும் பங்கு உண்டு. அதை மறைத்துவிட்டு இதை எழுத மனம் வரவில்லை.

இதெல்லாம் நமக்கு எதற்கு என்று கேட்பவர்களுக்குத்தான் அடுத்த விஷயம். ஒரு கரையில் இறங்கி நடந்தபோது கல்லைப் புரட்டிப் புரட்டி இரை தேடும் ஒரு சின்னப் பறவையைக் கண்டேன். முதுகு செம்பு நிறம், முகத்தில் கறுப்பு வெள்ளைக் கோடு. நிறம் புதிதாக இருந்தாலும் அந்தப் புரட்டல் எனக்குப் பழக்கமானது. நம் சுண்டிக்குளத்துக் கரையில் மார்கழியில் மங்கிய மண்ணிறத்தில் நிற்கும் கல்திருப்பி உள்ளான் அது! வழிகாட்டிப் பெண்ணிடம் சொன்னேன், உங்கள் ஊருக்கு வருபவை சைபீரியப் பக்கத்து ஆர்க்டிக்கில், அதாவது வட துருவப் பகுதியில் பிறந்தவை, இனம் ஒன்றுதான் என்றாள். வளைந்த சொண்டு உள்ளானும் கொசு உள்ளானும் அப்படித்தான், ஆர்க்டிக்கில் குஞ்சு பொரித்துவிட்டு நம்மிடம் வருபவை. கொசு உள்ளான் 25 கிராம் கனம், கடையில் தொங்கும் சின்னத் தேயிலைப் பைக்கற்றின் பாரம்தான். மன்னாரில் ஜிபிஎஸ் கருவி பூட்டி விட்ட கடற்காகங்கள் ரஷ்யாவின் ஆர்க்டிக் கரைவரை போய்த் திரும்பியதைக் கொழும்புப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். சித்திரை வருடப்பிறப்பை ஒட்டி நம் களப்பில் போய்ப் பார்த்தால் சில உள்ளான்களின் வயிறு செங்கல் நிறமாக மாறத் தொடங்கியிருக்கும், புறப்படப் போகின்றன என்று அர்த்தம். அதற்கு முன் சில கிழமை அவை விடாமல் தின்று கொழுப்பேற்ற வேண்டும்.

திரும்பி வந்த பிறகு தை மாதத்தில் ஒரு ஞாயிறு சுண்டிக்குளம் போனேன். நூற்றுக்கணக்கில் பூநாரைகள் ஆழமில்லாத தண்ணீரில் தலையைக் கவிழ்த்து மேய்ந்துகொண்டிருந்தன. வெளியூர் வான் ஒன்று வந்து நின்றது. இறங்கிய பொடியங்கள் கோர்ன் அடித்தார்கள், கை தட்டினார்கள், ஒருவன் ட்ரோனை எழுப்பிக் கூட்டத்தின் மேலே கொண்டுபோனான். எல்லாம் ஒன்றாக எழும்பினால்தான் வீடியோ வடிவாக வரும் என்றான். எழும்பின. அங்கே இறங்கப் பார்த்தன, மறுபடி ட்ரோன், மறுபடி எழும்பின. கரையோரம் நின்ற உள்ளான் கூட்டமும் சிதறிப் போய்விட்டது. தம்பி, இவை இளைத்துப் போகும் என்று சொன்னேன், சிரித்தார்கள். கெட்ட பிள்ளைகள் இல்லை, யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை, அங்கே ஒரு பலகையும் இல்லை.

சுண்டிக்குளம் 1938இல் பறவைகள் சரணாலயமாகவும் 2015இல் தேசிய பூங்காவாகவும் அறிவிக்கப்பட்ட இடம். ஆனால் பூங்கா என்ற சொல்லைக் கேட்டாலே எங்கள் சனத்துக்குப் பயம், காணி போகும், தொழில் போகும் என்று. அந்தப் பயத்துக்கு நியாயம் உண்டு. நான் கேட்பது இறால் பிடிப்பவனுக்கு இன்னொரு தடை அல்ல. களப்பில் மெல்ல வலை இழுப்பவனைப் பறவைகள் பழகிவைத்திருக்கின்றன, அவனைக் கண்டு அப்படி எழும்புவதில்லை. பார்க்க வருபவர்களுக்குத்தான் கட்டுப்பாடு வேண்டும். படகுச் சுற்றுலா தொடங்கப் போகிறார்கள் என்று இப்போது கதை அடிபடுகிறது. தொடங்கட்டும், ஆனால் தூரத்தை முதலில் எழுதிவிட்டுத் தொடங்கட்டும். பறவை மேயும் இடத்துக்கு எத்தனை மீற்றருக்குள் வள்ளம் போகக் கூடாது, எஞ்சின் எவ்வளவு வேகம், ட்ரோன் கூடாது என்பதை வனஜீவராசிகள் திணைக்களமும் பிரதேச சபையும் கடற்றொழிலாளர் சங்கங்களும் ஒன்றாக இருந்து பேசி முடிக்கலாம். வழிகாட்டிகளாகக் கரையோரக் குடும்பங்களின் பிள்ளைகளையே எடுக்க வேண்டும். எங்கே எந்தப் பறவை நிற்கும் என்று அவர்களுக்குத் தெரிந்த அளவு வேறு யாருக்கும் தெரியாது.

எல்லையைக் காட்டத் தண்ணீரில் கம்பு நட்டு ஒரு சிவப்புத் துணி கட்டினாலே போதும். ஆவணி கடைசியில் முதல் உள்ளான் கூட்டங்கள் வந்து இறங்கத் தொடங்கிவிடும், அதற்குள் இதைச் செய்யலாம். கம்பு வெட்டித் தரவும் கொண்டுவந்து நட்டுத் தரவும் எங்கள் ஊரில் ஆட்கள் தயாராக இருக்கிறோம்.

இப்படிக்கு,
ஒரு கமக்காரன்,
கண்டாவளை, கிளிநொச்சி.