ஃபிரீடாவின் பகுதியைப் பாடப்போகும் மகளுக்கு

நார்விக், நோர்வே,
ஞாயிறு மாலை

அன்புள்ள மகளுக்கு,

செம்பட்டை நிறச் செயற்கை முடியை மாட்டிக்கொண்டு நீ அனுப்பிய படத்தைப் பார்த்தேன். முடி நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பருத்தித்துறை மூக்கை என்ன செய்யப்போகிறாய்? பாட்டுக் கேட்க வருகிறவர்கள் மூக்கைப் பார்க்க மாட்டார்கள் என்று நம்புவோம்.

அபா என்ற சுவீடிஷ் இசைக்குழுவின் பாடல்களைப் பாடும் குழுவில் உனக்கு ஃபிரீடாவின் இடம் கிடைத்ததில் எனக்கு நிறைந்த சந்தோஷம். பொன்முடிக்காரி அக்னேத்தாவின் இடம் கிடைத்திருந்தால் வாழ்த்துச் சொல்லிவிட்டுப் பேசாமல் இருந்திருப்பேன். ஃபிரீடா எங்கள் அயலில் பிறந்தவர். நீ இங்கேயே படித்து வளர்ந்தும் அது உனக்கு இப்போதுதான் தெரியவந்தது என்றாய். எனக்கு முதியோர் இல்லத்தில் வேலை செய்த காலத்திலேயே தெரியும். போனில் நீ கேட்ட மற்ற விஷயத்துக்கும் இந்தக் கடிதத்தில்தான் பதில் வருகிறது. அவசரப்பட்டுக் கடைசிப் பக்கத்துக்குப் போகாதே.

இங்கிருந்து தெற்கே நாற்பது கிலோமீற்றர் அளவில் பல்லாங்கன். அதற்குப் பக்கத்தில் பியோர்கோசன் என்ற சுரங்கக் கிராமம். அங்கேதான் 1945 நவம்பர் 15ஆம் திகதி அன்னி-ஃபிரிட் லிங்ஸ்டாட் என்ற ஃபிரீடா பிறந்தார். தாய் சின்னிக்கு அப்போது பத்தொன்பது வயது. தகப்பன் அல்பிரெட் ஹாசே, ஜேர்மன் படையில் சார்ஜன்ட். ஊரில் அவருக்கு மனைவி இருந்தாள். சுவீடனின் கீருனாவில் வெட்டும் இரும்புத்தாது கப்பலேறும் துறைமுகம் என்பதால் 1940 ஏப்ரலில் நார்விக்கை நோக்கி வந்த ஜேர்மன்காரர்கள், ஐந்து வருடம் இந்த நாட்டில் இருந்தார்கள். கடைசிக் காலத்தில் மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட படையினர். ஹாசே அந்தப் பெண்ணுக்குக் கொடுத்த பரிசு ஒரு மூட்டை உருளைக்கிழங்கு என்று சொல்வார்கள். சிரிக்காதே. சாப்பாட்டுக்குத் தட்டுப்பாடான காலத்தில் ஒரு மூட்டை உருளைக்கிழங்கின் பெறுமதி எனக்குத் தெரியும். பொருளாதாரத் தடைக்குள் இருந்த உன் பெரியம்மாவிடம் கேட்டால் அவளும் சொல்வாள்.

பிள்ளை பிறந்தபோது சண்டை முடிந்திருந்தது, ஹாசே இங்கே இல்லை. அவரைத் திருப்பி ஏற்றிச்சென்ற கப்பல் மூழ்கிவிட்டது என்று வீட்டில் எல்லோரும் நம்பினார்கள். தகப்பன் செத்துப்போனான் என்பதே பிள்ளைக்குச் சொல்லப்பட்ட கதை.

ஜேர்மன் படையினருக்கு அப்படிப் பிறந்த பிள்ளைகள் நோர்வேயில் பத்தாயிரத்துக்கும் மேல். சண்டை முடிந்ததும் நோர்வேக்காரர்களே தாய்மாரைப் பிடித்து முகாம்களில் அடைத்தார்கள், தெருவில் வைத்து மொட்டையடித்தார்கள். நான் குளிப்பாட்டிவிட்ட ஒரு மூதாட்டி, தன் தங்கைக்கு அது நடந்த நாளைப் பற்றி ஒருமுறை சொன்னார். கத்தரிக்கோல் பிடித்தவனின் பெயரையும் சொன்னார். பின்னாளில் அவன் பக்கத்துத் தெருவில் கடை வைத்திருந்தானாம்; வேறு கடை இல்லாததால் இவர்களும் அங்கேதான் சாமான் வாங்கினார்களாம். அந்தப் பெண்களிடம் நாட்டின் அப்போதைய பிரதமர் எர்னா சூல்பர்க் மன்னிப்புக் கேட்டது 2018இல். அதற்குள் அநேகமானோர் இறந்துவிட்டார்கள்.

ஊர்வாய்க்குப் பயந்துதான் ஃபிரீடாவின் அம்மம்மா ஆர்ன்டினே 1947இல் குழந்தையைத் தூக்கிக்கொண்டு எல்லை கடந்து சுவீடனுக்குப் போனார். தாய் பின்னால் போய்ச் சேர்ந்தாள். சேர்ந்த கொஞ்ச நாளிலேயே சிறுநீரகம் செயலிழந்து இறந்துபோனாள். வயது 21. குழந்தைக்கு இரண்டு வயது நிறையவில்லை. எஸ்கில்ஸ்டூனாவுக்குப் பக்கத்தில் டோர்ஷெல்லா என்ற சிற்றூரில் தையல் வேலை செய்து அந்த அம்மம்மா பேத்தியை வளர்த்தார். தெரியாத நாடு, பிழைக்க ஓர் ஊசி, மடியில் மகளின் பிள்ளை. இந்த அம்மாளைப் பற்றி யாரும் நீளமாக எழுதுவதில்லை. எனக்கோ அந்தக் குழுவின் நான்கு பேரையும்விட இவரிடம்தான் மரியாதை அதிகம். காரணம் உனக்குத் தெரியும்.

பதின்மூன்று வயதில் ஃபிரீடா நடனக் குழுக்களில் பாடத் தொடங்கிவிட்டார். சனிக்கிழமை இரவுகளில் ஆடுகிறவர்களுக்காகப் பாடும் பாட்டு. ஜாஸ், மெல்லிசை, எது கேட்கிறார்களோ அது. பதினேழு வயதில் முதல் பிள்ளை. அடுத்த வருடம், 1964இல், குழுவில் உடன் வாசித்த ராக்னர் பிரெட்ரிக்சனுடன் கல்யாணம். 1967 தொடக்கத்தில் இரண்டாவது பிள்ளை, பெண்.

அந்த வருடம் செப்டம்பர் 3ஆம் திகதி நடந்ததுதான் எனக்குப் பிடித்த கட்டம். அதுவரை சுவீடனில் வாகனங்கள் நம் ஊரில்போல் இடது பக்கமாக ஓடின. அன்று அதிகாலை ஐந்து மணிக்கு நாடு முழுவதும் வலது பக்கத்துக்கு மாறியது. எல்லோரும் வீட்டோடு இருந்தால் நல்லது என்று அரசாங்கம் நினைத்தது. தொலைக்காட்சியிலும் அன்றிரவு ஹைலண்ட் என்பவரின் பேர்பெற்ற நிகழ்ச்சியை வைத்தார்கள். அதே நாளில் ஸ்டொக்ஹோமின் ஸ்கான்சன் பூங்காவில் புதுமுகப் பாடகர் போட்டி. ஃபிரீடா வென்றார். வென்றவர் அன்றிரவே அந்த நிகழ்ச்சியில் பாட வேண்டும் என்பது போட்டி முடியும்வரை போட்டியாளர்களுக்குத் தெரியாது. வீட்டுக்குப் போகலாம் என்றிருந்தவரைக் காரில் ஏற்றிக்கொண்டு போய்க் கமராவின் முன்னால் நிறுத்தினார்கள். தெருவில் இறங்கத் தயங்கி வீட்டுக்குள் இருந்த நாடு முழுவதும் அந்த இருபத்தொரு வயதுப் பெண்ணின் முதல் தொலைக்காட்சிப் பாட்டைக் கேட்டது. இசைத்தட்டு நிறுவனங்களின் அழைப்பு உடனே வந்துவிட்டது.

அதற்குப் பிறகு அவர் செய்ததைப் பற்றித்தான் உன்னோடு கதைக்க வேண்டும். ஸ்டொக்ஹோமுக்குப் போனார். பிள்ளைகள் தகப்பனோடு எஸ்கில்ஸ்டூனாவில் இருந்தார்கள். 1970இல் விவாகரத்து. பிள்ளையை விட்டுவிட்டுப் பாட்டுக்குப் போனவள் என்ற பேச்சு அவரை இன்றுவரை விடவில்லை. 1969இல் அவர் சந்தித்த பென்னி ஆண்டெர்சனுக்கும் முன்னைய உறவில் இரண்டு பிள்ளைகள். அவர்களும் தாயோடு இருந்தார்கள், தகப்பன் பியானோ வாசித்துக்கொண்டு நாடு சுற்றினார். பென்னியைப் பற்றி அப்படி ஒருவரும் எழுதி நான் வாசித்ததில்லை. சென்ற மாதம் கோயிலில் என்னைப் பிடித்து, உன்னைப் பற்றி இரக்கக் குரலில் விசாரித்த அக்காவிடம் இதைச் சொல்ல வாய் துடித்தது. பிரசாதம் கையில் இருந்தது, விட்டுவிட்டேன். நீ போனது சரியா பிழையா என்று நீ என்னிடம் கேட்டுக்கொண்டே இருக்காதே. உன் பிள்ளை வேளைக்குச் சாப்பிடுகிறான், பள்ளிக்கூடம் போகிறான், ராத்திரி என் காதுக்குள் குறட்டை விடுகிறான். அந்தப் பகுதியை என் பொறுப்பில் விடு.

பாட்டைப் பற்றியும் ஒன்று சொல்கிறேன். தேவாரம் பாடிப் பழகிய காது என்பதால் சொல்லும் உரிமை எனக்கு இருக்கிறது. ஃபிரீடாவின் குரலுக்கு வீடு கீழ்ஸ்தாயி. அக்னேத்தாவின் குரல் மேலே நிற்பது. அபாவின் பாடல்களை அமைத்த பென்னியும் பியோர்னும் இருவரையும் எட்டமுடியாத உயரத்துக்கு ஏற்றிப் பாடவைத்தார்கள். அந்தத் திணறலில் ஒரு பளபளப்பு வருகிறது. ஒலிப்பதிவாளர் மைக்கேல் டிரெட்டோவ் ஒரே பகுதியை இரண்டாம் தடவை பதியும்போது நாடாவின் வேகத்தை மயிரிழை மாற்றிவிடுவார். சுருதி சற்றே விலகிய இரண்டு பதிவுகளும் ஒன்றன்மேல் ஒன்று விழும்போது இசை தடித்துக் கேட்கும். குரல்களையும் அப்படியே அடுக்கடுக்காகப் பதிந்தார்கள். இரண்டு பெண்கள் பாடுவது ஒரு கூட்டமே பாடுவதாகக் கேட்பது அதனால்தான். மேடையில் உனக்கு அந்த வசதி கிடையாது. நீ அனுப்பிய ஒலிப்பதிவில் மேலே உள்ள இடங்களில் தொண்டையை இறுக்குகிறாய். ‘ஃபெர்னாண்டோ’வைக் கேள். அது முதலில் குழுவின் பாட்டே அல்ல. 1975இல் ஃபிரீடா சுவீடிஷ் மொழியில் தனியாகப் பாடி வெளியிட்டது. அடுத்த வருடம் ஆங்கிலத்தில் குழு பாடியபோது ஆஸ்திரேலியாவில் 14 வாரம் முதலிடத்தில் இருந்தது. சரணத்தில் எவ்வளவு அடக்கமாக, பக்கத்தில் இருப்பவரிடம் கதைப்பதாகத் தொடங்குகிறார் பார். அதுதான் அவர். மேல் சுரத்தை உன் குழுவின் மற்றப் பெண் பார்த்துக்கொள்ளட்டும்.

1974 ஏப்ரல் 6, இங்கிலாந்தின் பிரைட்டனில் யூரோவிஷன் பாட்டுப் போட்டியில் வெற்றி, அதற்குப் பிந்திய புகழ் எல்லாம் நீ என்னைவிட நன்றாக அறிவாய். 1978இல் பென்னியோடு கல்யாணம், 1981இல் அதுவும் முறிந்தது. முறிந்த பிறகும் அதே ஸ்டூடியோவில் அவர் எழுதிய பாட்டை இவர் பாடினார். 1982இல் பில் கொலின்ஸின் தயாரிப்பில் ஒரு தனி இசைத்தட்டு. அதிலிருந்து முதலில் தனியாக வெளியிட்ட பாட்டு அமெரிக்காவில் 13ஆம் இடம்வரை போனது. பின்பு சுவிற்சர்லாந்து. 1992இல் ஓர் இளவரசரை மணந்தார். 1998 ஜனவரியில் மகள் அமெரிக்காவில் கார் விபத்தில் இறந்தாள், முப்பது வயதில். அடுத்த வருடம் கணவரும் புற்றுநோயில் போனார். இந்த மூன்று வரிக்கு மேல் எழுத எனக்கு மனம் இல்லை. 2021இல் நான்கு பேரும் சேர்ந்து புதிய இசைத்தொகுப்பு வெளியிட்டபோது அவருக்கு எழுபத்தாறு வயதாகப்போகிறது. குரல் இன்னும் கீழே இறங்கி, வடிவாக இருக்கிறது.

1977ஆம் ஆண்டை வேண்டுமென்றே தாண்டி வந்தேன். அந்த வருடம் ‘பிராவோ’ என்ற ஜேர்மன் இளைஞர் பத்திரிகை ஃபிரீடாவின் பிறப்பைப் பற்றி எழுதியது. பியோர்கோசன், தாயின் பெயர், தகப்பன் அல்பிரெட் ஹாசே என்ற பெயர் எல்லாம் அதில் இருந்தன. ஜேர்மனியில் ஹாசேயின் குடும்பத்தார் கண்ணில் அது பட்டது. அவருடைய மகன் தகப்பனிடம் போய், சண்டைக் காலத்தில் நீங்கள் பல்லாங்கனில் இருந்தீர்களா என்று கேட்டான். கப்பலோடு போய்விட்டதாக நம்பிய மனிதர் முப்பத்திரண்டு வருடமாக உயிரோடுதான் இருந்திருக்கிறார்! சில மாதங்களில் ஸ்டொக்ஹோமுக்கு வந்து மகளைப் பார்த்தார். உலகமே அறிந்த பாடகி, அப்போதுதான் தன் தகப்பனின் முகத்தை முதன்முதலாகப் பார்க்கிறார். அதை நினைத்து நான் அழுதிருக்கிறேன். ஆனால் சினிமாவில் வருவதாக முடியவில்லை. சிறு வயதில் கிடைத்திருந்தால் வேறு, இந்த வயதில் ஒரு தகப்பனை ஏற்றுக்கொள்வது கஷ்டம், கூட இருந்து வளர்த்திருந்தால் வந்திருக்கக்கூடிய பாசம் வரவில்லை என்ற கருத்தில் பின்னாளில் அவரே சொன்னார்.

ஆர்ன்டினே பொய் சொல்லவில்லை. கப்பல் மூழ்கியதை அவர் நம்பினார். உனக்கும் எனக்கும் அந்தச் சாட்டு இல்லை. சின்னவனின் தகப்பன் பேர்கனில் இருக்கிறான். போன வருடம் வேலை மாறினான் என்பதுகூட எனக்குத் தெரியும். உன்னை அவன் படுத்திய பாட்டை நான் கண்ணால் பார்த்தவள். அவனுக்காகப் பரிந்து பேச வரவில்லை. ஆனால் ‘கேட்டால் செத்துவிட்டார் என்று சொல்லிவிடுங்கள் அம்மா’ என்று நீ சொன்னதை நான் செய்யமாட்டேன். சின்னவனுக்கு ஏழு வயது நடக்கிறது, எழுத்துக்கூட்டி வாசிக்கிறான். இன்னும் நாலு வருடத்தில் ஒரு பெயரைக் கணினியில் தேடி ஆளைக் கண்டுபிடித்துவிடுவான். அப்போது உன்னைக் கேட்கமாட்டான், பக்கத்தில் இருக்கிற என்னைத்தான் கேட்பான். புதன்கிழமை வகுப்பில் குடும்பப் படம் வரையச் சொன்னார்களாம். உன்னை ஒலிவாங்கியோடு வரைந்து, என்னைக் கட்டையாக வரைந்து, ஒரு மூலையை வெறுமையாக விட்டுக் கொண்டுவந்தான். அது யாருக்கு என்று நான் கேட்கவில்லை.

ஆகவே நீ வா. கச்சேரி பத்தொன்பதாம் திகதிதான் என்றாய். அதற்கு முன் ஒரு வார இறுதி இருக்கிறது. வெள்ளிக்கிழமை இரவு ரயிலைப் பிடித்தால் சனிக்கிழமை இங்கே நிற்பாய். நீயே உன் வாயால் சொல்: தகப்பன் இருக்கிறார், வேறு ஊரில் இருக்கிறார், நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து இருக்க முடியவில்லை. அதற்கு மேல் இப்போது ஒன்றும் தேவையில்லை. அவன் அழுதால் நான் இருக்கிறேன். நீ அழுதாலும் இருக்கிறேன், ஆனால் முதலில் அவன்.

நீ வராவிட்டால் அடுத்த தடவை அவன் கேட்கும்போது நான் சொல்லிவிடுவேன். இதை மிரட்டல் என்று எடுத்தாலும் எனக்குக் கவலையில்லை.

வரும்போது அவனுக்குப் பனிச்சப்பாத்து வாங்கி வா, 31ஆம் அளவு. அங்கே விலை குறைவு. எனக்கு ஒன்றும் வேண்டாம். ஏலக்காய் மட்டும், தூளாக இல்லாமல் முழுதாக.

அன்புடன்,
அம்மா