ஏர்பேக் விளக்கு அணைந்தால் போதுமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பழைய பிக்கப் வண்டியில் ஏர்பேக் எச்சரிக்கை விளக்கு அணையாமல் எரிந்துகொண்டே இருப்பதாகத் தங்கள் நாளிதழின் வாகனப் பகுதியில் வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். வண்டி ஓடுவதில் குறையில்லை என்றால் கவலை வேண்டாம், பேட்டரி ஒயரைச் சற்று நேரம் கழற்றி மாட்டினால் விளக்கு தானாக அணைந்துவிடும் என்ற பொருளில் அதற்குப் பதில் வெளியாகியிருந்தது. வாகன மின்பழுது பார்க்கும் தொழிலில் நெடுங்காலமாக இருப்பவன் என்ற முறையில், அந்தப் பதில் ஆபத்தானது என்று சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன். அதை நம்பி யாரோ ஒருவர் தம் பிள்ளைகளை அந்த வண்டியில் ஏற்றிச் செல்லக்கூடும் என்ற கவலையால்தான் இதைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

இக்னிஷன் சாவியைத் திருப்பியதும் அந்த விளக்கு சில விநாடிகள் எரிந்து, பிறகு அணைய வேண்டும். அந்தச் சில விநாடிகளில் ஏர்பேக் கட்டுப்பாட்டுப் பெட்டி தன்னையும் தன்னோடு இணைந்த எல்லாச் சுற்றுகளையும் சோதித்துக்கொள்கிறது. விளக்கு அணையாமல் நின்றாலும், விட்டுவிட்டுச் சிமிட்டினாலும், சாவி போட்டபோது எரியாமலே இருந்தாலும் பழுது என்றுதான் பொருள். விளக்கு நிலையாக எரியும் வண்டிகளில் பலவற்றில், கட்டுப்பாட்டுப் பெட்டி ஏர்பேக் அமைப்பின் ஒரு பகுதியையோ முழுவதையுமோ செயலிழக்கச் செய்திருக்கும். மோதலின்போது ஏர்பேக் விரியாமல் போகலாம், மோதிய கணத்தில் சீட் பெல்ட்டை இழுத்து இறுக்கும் கருவியும் வேலை செய்யாமல் போகலாம். இதற்கும் எஞ்சினுக்கும் தொடர்பே கிடையாது. எனவே வண்டி நன்றாக ஓடுகிறது என்பது ஏர்பேக்கைப் பற்றி நமக்கு எதையும் சொல்வதில்லை.

பேட்டரியைக் கழற்றி மாட்டும் யோசனையும் பெரும்பாலும் பலிப்பதில்லை. எந்தப் பழுது என்பதைக் காட்டும் எண்களான ஏர்பேக் பழுதுக் குறியீடுகள், பேட்டரி இல்லாவிட்டாலும் அழியாத நினைவகத்தில்தான் பொதுவாகப் பதிவாகின்றன. பழுது விட்டுவிட்டு வருவதாக இருந்தால் விளக்கு சிலகாலம் அணைந்திருக்கலாம். ஆனால் அதற்குக் காரணமான தளர்ந்த கனெக்டரோ தேய்ந்த ஒயரோ வண்டிக்குள் அப்படியேதான் இருக்கும்.

பழைய வண்டிகளில் இந்த விளக்கு ஏன் இவ்வளவு அடிக்கடி எரிகிறது என்பதைப் புரிந்துகொண்டால் பழுது தேடுவது பாதி எளிதாகிவிடும். ஏர்பேக்கைப் பற்றவைக்கும் சிறு திரியின் மின்தடை ஏறத்தாழ 2 முதல் 3 ஓம் வரைதான் இருக்கும். கட்டுப்பாட்டுப் பெட்டி, திரியைப் பற்றவைக்கப் போதாத மிகச் சிறிய மின்னோட்டத்தை அந்தச் சுற்றில் செலுத்தி, மின்தடை சரியாக இருக்கிறதா என்று இடைவிடாமல் கண்காணிக்கிறது. கனெக்டரில் படிந்த லேசான பச்சைக் களிம்பு ஓரிரு ஓம் மின்தடையைக் கூட்டினாலே அது பழுதாகப் பதிவாகிவிடும். அதே களிம்பு முகப்பு விளக்கின் ஒயரில் இருந்தால் வெளிச்சம் கொஞ்சம் மங்குமே தவிர யாருக்கும் எளிதில் தெரியாது. நான் பார்த்தவரை, பழைய பிக்கப்புகளில் பழுது பெரும்பாலும் ஏர்பேக் பைக்குள் இருப்பதில்லை. அதற்குப் போகும் வழியில்தான் இருக்கிறது.

ஆகவே முதல் வேலை, பெட்டியில் பதிவான குறியீட்டைப் படிப்பது. குறியீடுகளைப் படிக்கும் கருவிக்கு ஸ்கேனர் என்று பெயர். எஞ்சின் குறியீடுகளை மட்டும் காட்டும் மலிவான ஸ்கேனர் இதற்கு உதவாது. ஏர்பேக் பெட்டியோடு பேசும் வசதி கொண்ட ஸ்கேனர் தேவை. 1990-களில் வந்த சில பிக்கப்புகளில் ஸ்கேனரே வேண்டியதில்லை. விளக்கே குறியீட்டைச் சிமிட்டிக் காட்டும். மூன்று முறை சிமிட்டி, சற்று நிறுத்தி, பின்பு இரண்டு முறை சிமிட்டினால் அது 32. அந்த எண்ணின் பொருளை அந்தந்த வண்டியின் பழுதுநீக்கக் கையேட்டில் பார்த்துக்கொள்ள வேண்டும். ஒரு தயாரிப்பின் எண் இன்னொரு தயாரிப்புக்குப் பொருந்தாது.

தவறு அதிகம் நேர்வது இந்த இடத்தில்தான். குறியீடு எந்தச் சுற்றில் பழுது என்று சொல்லுமே தவிர, எந்தப் பாகம் கெட்டது என்று சொல்லாது. ஓட்டுநர் பக்க ஏர்பேக் சுற்றில் மின்தடை அதிகம் என்று ஸ்கேனர் காட்டியவுடன், புதிய ஏர்பேக் வாங்க வேண்டும் என்று உரிமையாளரிடம் சொல்லிவிடுகிறார்கள். பெட்டியிலிருந்து ஏர்பேக் வரை உள்ள கனெக்டர்கள், டேஷ்போர்டுக்குக் கீழே ஓடும் ஒயர்கள், ஸ்டீயரிங்குக்குள் இருக்கும் கிளாக் ஸ்பிரிங் ஆகிய எல்லாமே அந்தச் சுற்றில்தான் அடங்கும். இவற்றைப் பார்க்காமல் விலை உயர்ந்த பாகத்தை மாற்றுவதும், மாற்றிய பிறகும் விளக்கு எரிவதைக் கண்டு இந்த வண்டியே இப்படித்தான் என்று கைவிடுவதும் பல உரிமையாளர்களுக்கு நடந்திருக்கிறது.

கிளாக் ஸ்பிரிங்கைப் பற்றி மட்டும் கொஞ்சம் கூடுதலாகச் சொல்ல வேண்டும். ஸ்டீயரிங் இரு பக்கமும் பல சுற்று சுழலும்போதும் அதிலுள்ள ஏர்பேக்குக்கு மின்தொடர்பு அறுந்துவிடக் கூடாது என்பதற்காக, தட்டையான நாடா போன்ற ஒயர் ஒன்றைச் சுருட்டி ஒரு வட்டப் பெட்டிக்குள் வைத்திருப்பார்கள். ஹாரனுக்கும் வண்டியின் வேகத்தை ஒரே அளவில் வைக்க ஸ்டீயரிங்கில் உள்ள க்ரூஸ் கண்ட்ரோல் பொத்தான்களுக்கும் பெரும்பாலான வண்டிகளில் அதன் வழியாகத்தான் மின்சாரம் போகிறது. ஆண்டுக்கணக்கில் சுருண்டும் விரிந்தும் அந்த நாடா களைத்து முறியும். ஏர்பேக் விளக்கோடு ஹாரனும் அடிக்காமல் போனாலோ, வளைவுகளில் ஸ்டீயரிங்கைத் திருப்பும்போது மட்டும் விளக்கு எரிந்து அணைந்தாலோ, முதலில் சந்தேகிக்க வேண்டியது இதைத்தான். புதிதாகப் பொருத்தும்போது முன்சக்கரங்கள் நேராக இருக்க வேண்டும். புதிய கிளாக் ஸ்பிரிங்கும் அதன் நடுநிலையில் இருக்க வேண்டும். ஒரு பக்கமாகச் சுற்றிய நிலையில் மாட்டிவிட்டால், ஸ்டீயரிங்கைக் கடைசிவரை திருப்பும் முதல் திருப்பத்திலேயே புதிய நாடாவும் அறுந்துபோகும். பழைய வண்டியிலிருந்து கழற்றிய கிளாக் ஸ்பிரிங்கை வாங்கிப் பொருத்துவதை நான் ஒருபோதும் பரிந்துரைப்பதில்லை. அது எவ்வளவு உழைத்திருக்கிறது என்று வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல முடியாது.

அடுத்துப் பார்க்க வேண்டியது இருக்கைகளுக்கு அடியில் இருக்கும் மஞ்சள் நிறக் கனெக்டர்கள். ஏர்பேக் ஒயர்களை அடையாளம் காட்டத்தான் அவற்றுக்கு அந்த நிறம். பிக்கப் வைத்திருப்பவர்கள் இருக்கைக்கு அடியில் கருவிகளையும் கயிறுகளையும் திணித்து வைப்பது வழக்கம். இருக்கை முன்னும் பின்னும் நகரும்போது அவை கனெக்டரில் சிக்கி இழுக்கும். சிலர் தரையைத் தண்ணீர்க் குழாயால் பீய்ச்சிக் கழுவுகிறார்கள். அந்த ஈரம் அங்கேயே தங்கிக் களிம்பாகிறது. பல வண்டிகளில் கட்டுப்பாட்டுப் பெட்டியே தரையின் நடுவில் தாழ்வாகத்தான் பொருத்தப்பட்டிருக்கும். ரேடியேட்டர் தாங்கியின் அருகில் இருக்கும் மோதல் உணரிகள் சேற்றுக்கும் உப்புக்கும் நேரடியாக இலக்காகின்றன. சீட் பெல்ட் பூட்டுக்குள் தூசி அடைத்துக்கொள்வதும், ஒற்றை வரிசை இருக்கை கொண்ட பிக்கப்புகளில் பயணி ஏர்பேக்கை நிறுத்திவைக்கும் சாவி சுவிட்ச் தேய்ந்துபோவதும் உண்டு. பேட்டரி வலுவிழந்து மின்னழுத்தம் குறைந்தால்கூட விளக்கு எரியலாம் என்பதால், எதையும் கழற்றுவதற்கு முன் பேட்டரியையும் ஆல்டர்னேட்டரையும் சோதித்துவிடுவது நல்லது.

சொந்தமாகப் பழுது பார்க்க விரும்புவோருக்கு ஒன்றை அழுத்தமாகச் சொல்கிறேன். ஏர்பேக்கின் உள்ளே இருப்பது நொடியில் எரிந்து வாயுவாகும் வெடிபொருள் கலவை. மோதலின்போது ஒரு விநாடியின் இருபதில் ஒரு பங்குக்கும் குறைவான நேரத்தில் அது பையை விரித்துவிடும். ஆகவே சாவியை எடுத்துவிட்டு, பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றி, கையேடு சொல்லும் நேரம் முழுவதும் காத்திருக்க வேண்டும். பேட்டரி துண்டிக்கப்பட்டாலும் ஏர்பேக்கை வெடிக்கவைக்கும் அளவு மின்சாரத்தைச் சேமித்து வைத்திருக்கும் மின்தேக்கி பெட்டிக்குள் இருக்கிறது. அது வடிவதற்கு ஒன்றரை நிமிடம் போதும் என்று சொல்லும் கையேடுகளும் உண்டு, பத்து நிமிடத்துக்கு மேல் கேட்கும் கையேடுகளும் உண்டு. ஏர்பேக்கின் மீது நேரடியாக மல்டிமீட்டர் என்னும் மின் அளவுக் கருவியை வைத்து அளக்கவே கூடாது. மீட்டர் செலுத்தும் மின்னோட்டமே திரியைப் பற்றவைத்துவிடக்கூடும். முறையான வழி, ஏர்பேக்கைக் கழற்றிவிட்டு அதன் இடத்தில் ஏறத்தாழ 2 ஓம் மின்தடை கொண்ட சோதனைக் கருவியைப் பொருத்திப் பார்ப்பதுதான். விளக்கு அணைந்தால் பழுது ஏர்பேக்கில் இருக்கிறது. அணையாவிட்டால் பெட்டியை நோக்கி ஒவ்வொரு கனெக்டராகப் பின்னோக்கிச் செல்ல வேண்டும்.

ஒயர்களை அளக்கும்போதும் ஒரு பொறி இருக்கிறது. கனெக்டரைப் பிரித்ததும் இரு முனைகளையும் தானாக இணைத்துவிடும் உலோகத் தகடு இவற்றில் உண்டு. நிலைமின்சாரத்தால் ஏர்பேக் வெடித்துவிடக் கூடாது என்பதற்கான காப்பு அது. அதை அறியாதவர்கள், ஒயர்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன என்று தவறாக முடிவு செய்து நல்ல ஒயர்களை வெட்டிவிடுகிறார்கள். கழற்றிய ஏர்பேக்கை அதன் முகப்பு உடலுக்கு எதிர்ப்பக்கமாக இருக்கும்படி ஏந்திச் சென்று, முகப்பு மேல்நோக்கி இருக்கும்படி வைக்க வேண்டும். வேலை முடிந்து பேட்டரியை இணைக்கும்போது வண்டிக்குள் யாரும் உட்கார்ந்திருக்கக் கூடாது. இவ்வளவையும் கடைப்பிடிக்க முடியாது என்று தோன்றினால், குறியீட்டைப் படிப்பதோடு நிறுத்திக்கொண்டு, பயிற்சி பெற்ற ஒருவரிடம் வண்டியை விடுவதே சரி.

என்னை மிகவும் வருத்துவது சோதனைக்காக வைக்கும் அந்த மின்தடையை அப்படியே நிரந்தரமாக விட்டுவிடும் வழக்கம். ஏர்பேக் இல்லாத ஸ்டீயரிங்கில் ஒரு சிறு மின்தடையை மாட்டிவிட்டால் பெட்டி ஏமாந்துபோகும், விளக்கும் அணைந்துவிடும். விளக்கின் பல்பையே பிடுங்கிவிடுவதும், அதன் ஒயரை வேறொரு விளக்கோடு சேர்த்துக் கட்டிவிடுவதும் நடக்கிறது. அந்த வண்டி பின்னர் கைமாறும்போது, வாங்குபவருக்கு எச்சரிக்கை கிடைக்க வழியே இல்லாமல் போகிறது. இதை நான் தொழில் திறமையாகக் கருதவில்லை. அறியாத ஒருவரின் உயிரோடு விளையாடுவது என்றே சொல்வேன்.

எரியும் விளக்கு எவ்வளவு பெரிய ஆபத்தின் முன்னறிவிப்பாக இருக்கலாம் என்பதற்கு ஒரு பிக்கப் வண்டியே சான்று. 2004 முதல் 2006 வரையிலான எஃப்-150 பிக்கப்புகளில் ஏறத்தாழ 12 லட்சம் வண்டிகளை 2011-ஆம் ஆண்டில் ஃபோர்டு நிறுவனம் திரும்ப அழைத்தது. ஸ்டீயரிங்கில் செல்லும் ஏர்பேக் ஒயர் உராய்ந்து தேய்ந்து, மோதல் எதுவும் இல்லாமலே ஏர்பேக் விரிந்துவிடக்கூடும் என்பதே காரணம். அத்தகைய தேய்மானம் விளக்கை எரியவைக்கக்கூடியது. அதை அலட்சியம் செய்யும் ஓட்டுநர், ஓடும் வண்டியில் முகத்துக்கு நேரே ஏர்பேக் வெடிக்கும் வாய்ப்போடு பயணம் செய்கிறார்.

இதற்கு நேர்மாறான ஆபத்தும் உண்டு. டகாட்டா நிறுவனம் தயாரித்த ஏர்பேக்குகளில் பையை விரிக்கும் வெடிபொருளான அம்மோனியம் நைட்ரேட் வெப்பத்தாலும் ஈரப்பதத்தாலும் ஆண்டுக்கணக்கில் சிதைந்து, பை விரியும்போது உலோகக் கூடே வெடித்துச் சிதறி உயிர்களைப் பறித்திருக்கிறது. 2006-ஆம் ஆண்டு ரேஞ்சர் பிக்கப்புகள் சிலவற்றின் உரிமையாளர்களிடம், வண்டியை உடனடியாக ஓட்டாமல் நிறுத்தும்படி 2018 தொடக்கத்தில் ஃபோர்டு கேட்டுக்கொண்டது. இந்தச் சிதைவை எந்தப் பெட்டியாலும் கண்டறிய முடியாது என்பதால் விளக்கு எரியாது. எனவே பழைய பிக்கப் வைத்திருப்பவர்கள், விளக்கு எரிந்தாலும் எரியாவிட்டாலும், வண்டியின் 17 இலக்க அடையாள எண்ணைக் கொடுத்து, திரும்ப அழைக்கப்பட்ட வண்டிகளில் தமது வண்டியும் உள்ளதா என்று தயாரிப்பாளரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். அதில் இருந்தால் பாகத்தைக் கட்டணமின்றி மாற்றித் தருவதே நடைமுறை.

தங்களிடம் என் வேண்டுகோள் இரண்டு. முன்பு வெளியான பதிலுக்கு ஒரு திருத்தத்தை அதே பகுதியில், அதே இடத்தில் வெளியிடுங்கள். ஏர்பேக் பழுது பார்க்க வண்டியை விடும் வாசகர்கள், படித்த குறியீட்டின் எண்ணையும், பழுது கண்ட இடத்தையும், மாற்றிய பாகத்தின் பெயரையும் ரசீதில் எழுதித் தரச் சொல்லிக் கேட்க வேண்டும் என்பதையும், கழற்றிய பழைய பாகத்தைத் தம்மிடம் காட்டும்படி சொல்ல அவர்களுக்கு உரிமை உண்டு என்பதையும் அதோடு சேர்த்து அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
வாகன மின்பழுது நீக்குநர் ஒருவர்