மூக்கைப் பெரிதாக்காத கேமரா

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கடந்த ஞாயிறு இணைப்பில் பழைய கேமராக்களைப் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். நம் ஊர் காபிக் கடை ஒன்றில் அழகுக்கு வைத்திருக்கும் இரட்டை லென்ஸ் கேமராவின் படத்தையும் போட்டிருந்தீர்கள். இரண்டு லென்ஸ்களிலும் விழும் படங்கள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்ந்து பதிவாகும் என்று அதில் இருந்தது. அப்படி இல்லை. மேல் லென்ஸ் பார்ப்பதற்கு மட்டும். அதன் பின்னால் சாய்வாக ஒரு கண்ணாடி உண்டு. அது பிம்பத்தை மேலே இருக்கும் கிரவுண்ட் கிளாஸ் என்கிற மங்கலான கண்ணாடித் திரைக்குத் திருப்பிவிடும். ஃபிலிமில் பதிவது கீழ் லென்ஸ் காட்டுவது ஒன்றுதான். இரண்டும் ஒரே பலகையில் உட்கார்ந்து சேர்ந்தே முன்னும் பின்னும் நகர்வதால், மேலே கூர்மையாகத் தெரிந்தால் கீழேயும் கூர்மை.

இது சின்னத் திருத்தம்தான். நான் எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் அந்தப் படம். ஸ்டுடியோக்காரர் மகள் என்பதால் எந்தக் கேமராவைப் பார்த்தாலும் லென்ஸ் வளையத்தைப் படிக்கிற பழக்கம் எனக்கு. பூதக்கண்ணாடியை எடுத்துப் பார்த்தேன். லென்ஸ் இரண்டும் வழக்கத்தைவிடத் துருத்திக்கொண்டு நிற்கின்றன. வளையத்தில் சோனார் என்ற லென்ஸ் பெயரும் 135 என்ற எண்ணும். அது சாதாரண ரோலிஃப்ளெக்ஸ் இல்லை, டெலி ரோலிஃப்ளெக்ஸ். ஜெர்மனியில் பிரவுன்ஷ்வைக் நகரத்து ஃப்ராங்கே அண்ட் ஹைடெக்கே கம்பெனி 1959 முதல் 1975 வரை செய்தது. சாதாரண ரோலியில் 75 அல்லது 80 மில்லிமீட்டர் லென்ஸ் இருக்கும்; இதில் ஸைஸ் கம்பெனியின் 135. எண் கூடினால் அதே தூரத்திலிருந்து ஆள் பெரிதாக விழும். முகம் எடுக்கிறவர்களுக்குக் கிடைத்த வரப்பிரசாதம். அதைக் கொண்டுபோய்ச் சர்க்கரை டப்பாவுக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறார்கள்.

எங்கள் ஸ்டுடியோ திருவல்லிக்கேணியில் இருந்தது. பாஸ்போர்ட், கல்யாணம் எல்லாவற்றுக்கும் யாஷிகா கேமராதான். ‘சிங்கிள்’, அதாவது தனி ஆள் படம், எடுக்க வருகிறவர்களுக்கு மட்டும் அப்பா பீரோவைத் திறந்து டெலியை எடுப்பார். கோடம்பாக்கத்தில் ஸ்டில் எடுத்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர் தொழிலை விட்டபோது அவரிடமிருந்து வாங்கியது. ஸ்டுடியோவை மூடிவிட்டோம். கேமரா என்னிடம் இருக்கிறது, ஓடுகிறது.

இதில் என்ன அதிசயம் என்று கேட்கலாம். அதிசயம் லென்ஸில் இல்லை, தூரத்தில் இருக்கிறது. மனித முகத்தில் மூக்கு நுனிக்கும் காதுக்கும் முன்பின்னாக ஏறக்குறைய நாலரை அங்குலம். ஓரடி தூரத்தில் கையை நீட்டி செல்ஃபி எடுத்தால், மூக்கு லென்ஸிலிருந்து பன்னிரண்டு அங்குலம், காது பதினாறரை. அதனால் மூக்கு, காதை ஒப்பிட்டால், இருக்க வேண்டியதைவிட மூன்றில் ஒரு பங்குக்கும் மேலே பெரிதாக விழும். காது பின்னால் ஓடி ஒளிந்துகொள்ளும். டெலியோ 2.6 மீட்டருக்குள் வந்தால் ஃபோகஸ் ஆகாது. எட்டரை அடி தள்ளி நின்றே ஆக வேண்டும். அங்கிருந்து பார்த்தால் மூக்கு கூடுதலாவது நூற்றுக்கு நான்கு, ஐந்து பங்குதான். எதிரே பாயில் உட்கார்ந்து பேசுகிறவரின் முகம் நமக்கு எப்படித் தெரிகிறதோ அப்படி விழும். சாதாரண ரோலியிலும் அதே தூரத்தில் நின்றால் முகம் அதே அமைப்புதான். ஆனால் ஆள் சின்னதாகி, சுற்றிலும் சுவரும் காலண்டரும் வந்துவிடும். டெலியில் மூன்றேகால் அடிச் சதுரம் வரும். தலையிலிருந்து இடுப்பு வரை சரியாக அடங்கும். முகம் மட்டும் வேண்டுமென்றால் ரோலைநார் என்ற ஜோடித் துணை லென்ஸை மாட்டிக்கொண்டு இன்னும் நெருங்கலாம். அப்பா அதிகம் மாட்டமாட்டார், நானும் அப்படித்தான்.

தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள், உங்கள் நாளிதழின் நினைவஞ்சலிப் பக்கத்தைப் பாருங்கள். முன்பெல்லாம் அதில் ஸ்டுடியோப் படங்கள் இருக்கும். இப்போது பாதிக்கு மேல் கல்யாண குரூப் போட்டோவிலிருந்து வெட்டியவை, பக்கத்து ஆளின் தோளோடு. மீதி பேரன் எடுத்த செல்ஃபி. எழுபது வருஷம் வாழ்ந்த மனுஷருக்கு அவருடையதே அல்லாத ஒரு மூக்கு. அதைத்தான் பெரிதாக்கிச் சட்டம் போட்டு, சீரியல் பல்பு மாட்டிக் கூடத்தில் வைக்கிறோம்.

பெரியவர்களைத் தனியாக உட்கார வைத்துப் படம் எடுப்பதென்றால் வீட்டில் எல்லோருக்கும் ஒரு தயக்கம் உண்டு. எதற்கு என்று எல்லோருக்கும் தெரியும், யாரும் சொல்லமாட்டார்கள். எங்கள் தெருவில் ஒரு பாட்டி சொல்லிவிட்டார். திண்ணையில் மோடாவைப் போட்டு உட்கார வைத்திருந்தேன்.

“எதுக்குடி இப்ப படம்? மாலை போடவா?”

“ஆதார்ல இருக்கிற மூஞ்சியைவிட நல்லதா ஒண்ணு இருக்கட்டுமே பாட்டி.”

விழுந்து விழுந்து சிரித்தார். சிரிப்பு அடங்கி, வாயோரத்தில் மட்டும் மிச்சம் இருந்தபோது அழுத்தினேன். “சீக்கிரம் எடு” என்கிறார். எடுத்தாச்சு என்றால் நம்பவில்லை. “நீதான் கண்ணையே வைக்கலியே!” இந்தக் கேமராவின் சௌகரியமே அதுதான். வயிற்றுக்கு மேலே பிடித்து, குனிந்து பார்த்து ஃபோகஸ் செய்துவிட்டால், நிமிர்ந்து முகத்துக்கு முகம் பேசிக்கொண்டே எடுக்கலாம். ஒற்றை லென்ஸ் ரிஃப்ளெக்ஸ் கேமராவில்போல அழுத்தும்போது உள்ளே கண்ணாடி எகிறாது. லென்ஸுக்குள்ளேயே இருக்கிற ஷட்டர், சத்தம் நகம் சொடுக்குகிற அளவுதான்.

ஆளை உட்கார வைக்கச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. நிற்கிறவரை வயிற்று உயரத்திலிருந்து எடுத்தால் தாடைக்கு அடிப்பாகமும் மூக்குத் துவாரமும்தான் தெரியும். மோடாவிலோ ஸ்டூலிலோ உட்கார்ந்தால் அவர் கண்ணும் நம் லென்ஸும் ஒரே மட்டத்துக்கு வந்துவிடும். அப்புறம், பிம்பம் இடவலம் மாறித் தெரியும். அவர் வலப்பக்கம் சாய்ந்தால் கேமராவை எந்தப் பக்கம் திருப்புவது என்று கை தடுமாறும், பழகினால் சரியாகிவிடும். லென்ஸை முழுதாக எஃப் 4-இல் திறந்து வைத்தால் கூர்மை ஒரு சாண் ஆழம்கூட இருக்காது. கண்ணில் ஃபோகஸ் வைத்து, துவாரத்தைக் கொஞ்சம் சுருக்கி 5.6 அல்லது 8 வைத்துக்கொள்வது உத்தமம்.

சென்னை ஃப்ளாட்டுகளில் எட்டரை அடிக்கு எங்கே போவது என்பது நியாயமான கேள்வி. ஹாலின் ஒரு மூலையில் ஆளை வைத்து, நான் ஃப்ரிட்ஜில் முதுகைச் சாய்த்து எடுத்திருக்கிறேன். மொட்டை மாடி நல்லது. வெயில் தாழ்ந்த பிறகு தண்ணீர்த் தொட்டி நிழலில் வெளிச்சம் பாலாக இருக்கும். கடற்கரை வேண்டாம். காற்றில் முந்தானையைப் பிடிக்கவே நேரம் சரியாகிவிடும்.

டெலி கிடைப்பது அரிதுதான். வீட்டில் மாமியா சி330 வைத்திருப்பவர்கள் உண்டு. அதில் லென்ஸ் ஜோடியைக் கழற்றி மாற்றலாம், 180 மில்லிமீட்டர் லென்ஸை மாட்டினால் இதே வேலை நடக்கும். கனம் மட்டும் கழுத்தை முறிக்கும்.

எந்தக் கேமராவானாலும் காயலான் கடைக்குப் போடும் முன் ஒன்று செய்யுங்கள். ஷட்டரை ஒரு நொடியில் வைத்து அழுத்தி, சிக்காமல் ஒரு நொடி ஓடி மூடுகிறதா என்று காதால் கேளுங்கள். பல வருஷம் சும்மா இருந்தால் மெதுவான வேகங்கள்தான் முதலில் சிக்கும். எண்ணெய் விடாதீர்கள், துடைத்துச் சரிசெய்கிற மெக்கானிக்குகள் இன்னும் இருக்கிறார்கள். நம் ஊர்ப் புழுக்கத்துக்குத் தோல் உறைக்குள் வைத்தால் லென்ஸில் பூஞ்சை நிச்சயம். உறையைத் தனியாக எடுத்து வையுங்கள். கேமராவைச் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு இறுக மூடும் டப்பாவில் போடுங்கள்.

ஃபிலிம்? இந்தக் கேமராவுக்கு வேண்டிய 120 என்கிற அகல ரோல் இன்றும் வருகிறது. ஊட்டியில் செய்த ‘இந்து’ (Indu) என்ற பெயர் ஃபிலிம் காலத்து விலை இல்லை, யானை விலை. கறுப்பு வெள்ளையை நான் வீட்டிலேயே கழுவுகிறேன். கரைசல் 20 டிகிரியில் இருக்க வேண்டும், மே மாதத்தில் குழாய்த் தண்ணீர் கையைச் சுடும் என்பதால் டப்பாவைச் சுற்றி ஐஸ் போட வேண்டியிருக்கிறது. ஒரு ரோலில் 12 படம். ஆளுக்கு நாலு என்று மூன்று பேரை எடுத்துவிடலாம். அதற்கு மேல் மோடாவில் உட்கார வைத்தால் பெரியவர்களுக்கு இடுப்பு பிடித்துக்கொள்ளும்.

இப்படிக்கு,
தங்கள் வாசகி,
திருவல்லிக்கேணி, சென்னை - 5.