தங்கச்சிக்கு, மார்கழி பிறந்த வாரத்தில்

அன்புள்ள தங்கச்சிக்கு,

அக்கா எழுதுகிறேன். ஞாயிற்றுக்கிழமை போனில் நீ சொன்னதையே இரண்டு நாளாக நினைத்துக்கொண்டிருக்கிறேன். "டிசம்பர் வந்தா இன்னும் எத்தனை லீவு மிச்சம் இருக்குன்னு பாக்கறதோட சரி. சின்ன வயசுல இருந்த சந்தோசம் இப்ப வரவே மாட்டேங்கு அக்கா" என்றாய். அந்த நேரம் அடுப்பில் பால் பொங்கிவிட்டது. அப்புறம் பேசலாம் என்று வைத்துவிட்டேன். ஆனால் இது போனில் பேசி முடிகிற விஷயம் இல்லை.

அரையாண்டுப் பரீட்சை முடிந்த மறுநாள் காலை உனக்கு ஞாபகம் இருக்கும். கோயில் ஸ்பீக்கரில் பாட்டு ஓடும். நாம் போர்வையைச் சுற்றிக்கொண்டு வாசலுக்கு வருவோம். அதற்குள் கோலம் முடிந்திருக்கும், நடுவில் சாணி உருண்டையில் பூசணிப்பூ இருக்கும். நான்தான் முதலில் பார்த்தேன் என்று சண்டை போடுவோம். கோயிலுக்கு ஓடினால் வாழையிலைத் துண்டில் சுடச்சுடப் பொங்கல் வைப்பார்கள். இதில் நாம் செய்தது என்ன என்று இப்போது யோசித்துப் பார். எழுந்து வந்தது மட்டும்தான். நாலு மணிக்கே அம்மா வாசல் தெளித்து, குனிந்து, பதினைந்து புள்ளி வைத்து முடித்த பிறகுதான் நமக்கு விடிந்தது.

இது எனக்கும் ரொம்ப நாள் தெரியவில்லை. வேலைக்குப் போன முதல் ஏழெட்டு வருசம் மார்கழி வந்தது, போனது, நெஞ்சுக்குள் ஒன்றுமே நடக்கவில்லை. வயதாகிவிட்டது, இனி இப்படித்தான் என்று விட்டுவிட்டேன். அப்புறம்தான் அம்மாவுக்கு முழங்கால் மடங்காமல் போனது. அந்த வருசம் மார்கழி ஒன்றாம் தேதி நாலரை மணிக்கு அம்மா நிலைப்படியில் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஒன்றும் சொல்லவில்லை, வாளியை மட்டும் பார்த்தாள். நான் எடுத்துக்கொண்டு இறங்கினேன்.

நம்ம ஊரில் குளிர் பெரிதாக ஒன்றும் கிடையாது. ஆனால் அந்த நேரத்துத் தண்ணீர் கையில் பட்டதும் தோள் வரைக்கும் சிலிர்த்தது. பெரிய கோலம் வரவில்லை. ஏழு புள்ளி, நாலு வரைக்கும் ஊடுபுள்ளி, அவ்வளவுதான் போட்டேன். எதிர் வீட்டுப் பெரியம்மா வாசலில் குனிந்தபடியே திரும்பிப் பார்த்து, "பூ இருக்காட்டி?" என்று கேட்டுவிட்டு, தன் கூடையிலிருந்து நாலு பூசணிப்பூவைக் கொண்டுவந்து கொடுத்தார். அவர்கள் வீட்டுக் கொல்லையில் பறித்தது. நீளக் காம்போடு இருக்கிற ஆண் பூவைத்தான் பறிப்பார்களாம். பெண் பூவுக்கு அடியில் நெல்லிக்காய் மாதிரி பிஞ்சு ஒட்டியிருக்கும், அதைத் தொடக்கூடாது என்றார். இத்தனை வருசம் அந்தப் பூவைப் பார்த்திருக்கிறோம், எனக்கு இது தெரியாது.

சாணியை மூன்று விரலால் பிடித்து, அருகம்புல் செருகி, பூவின் காம்பை அதில் அழுத்தினேன். இதழில் பனி நின்றது. விரல் நுனியில் மஞ்சள் மகரந்தம் ஒட்டிக்கொண்டது. தெரு முழுக்க வாசலுக்கு ஒரு ஆள் குனிந்திருக்கிறார்கள், யார் கையிலும் போன் இல்லை, யாரும் சத்தமாகப் பேசவில்லை. நிமிர்ந்து பார்த்தபோது எனக்குத் தொண்டை அடைத்தது. நீ போனில் கேட்டாயே, அந்தச் சந்தோசம் அங்கேதான் இருந்தது. சின்ன வயதில் இருந்ததைவிடக் கொஞ்சம் கனமாக இருந்தது என்று வேண்டுமானால் சொல்வேன்.

உனக்கு வேலை, இரவு மீட்டிங், ஒன்பதாவது மாடி. எல்லாம் தெரியும். அதனால்தான் மார்கழியை உனக்குச் சொல்கிறேன். தீபாவளியைத் தவறவிட்டால் அடுத்த வருசம்தான். மார்கழி ஒரு மாதம் முழுக்க இருக்கிறது. இருபது நாள் தூங்கிவிட்டாலும் இருபத்தொன்றாம் நாள் காலை உனக்காக இருக்கும். திருப்பாவையில் முப்பது பாட்டு. அதில் ஆறிலிருந்து பதினைந்து வரைக்கும் பத்துப் பாட்டு, தூங்குகிறவளை எழுப்புகிற பாட்டுதான். ஆண்டாளே பத்து நாள் பொறுமையாக வாசலில் நின்று கூப்பிட்டிருக்கிறாள்! பல வருசம் மார்கழிக்கு 29 நாள்தான் வரும். அப்போது கடைசி நாளில் இரண்டு பாட்டைச் சேர்த்துப் பாடிவிடுவார்கள். விட்டதைப் பிடிப்பதற்கு அதற்குள்ளேயே இடம் வைத்திருக்கிறார்கள்.

ஒரு சனிக்கிழமை மட்டும் எழுந்து பார். உன் வீட்டு வாசலில் டைல்ஸ் என்றால் பொடி நிற்காது. பச்சரிசியை ஊறவைத்து அரைத்து, அந்த மாவில் துணியை நனைத்து மாக்கோலமாகப் போடு. நாலு புள்ளி போதும்.

இங்கே மற்ற விசேஷங்களும் குறைவில்லை. பாளையங்கோட்டையில் இப்போதே வீட்டுக்கு வீடு நட்சத்திரம் தொங்குகிறது. உனக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்த டீச்சர் முந்திரிக்கொத்து சுட்டுவிட்டுப் போன் பண்ணினார்கள். "சின்னவ வருவாளா?" என்றுதான் முதல் கேள்வி. ராத்திரி கேரல் பாடிக்கொண்டு பிள்ளைகள் வரும்போது, டீச்சர் வீட்டுத் திண்ணையில் நாம் ஒளிந்துகொண்டு கிறிஸ்மஸ் தாத்தாவைப் பார்ப்போமே, இப்போது அந்தப் பிள்ளைகளுக்குக் காபி போட்டுக் கொடுப்பது என் வேலை. முப்பது டம்ளர். எனக்கு அது ரொம்பப் பிடித்திருக்கிறது.

திருவாதிரைக்கு நெல்லையப்பர் கோயிலில் தாமிர சபைக்கு முன்னால் நிற்க வேண்டும், விடியும் முன்னால். நடராஜர் ஆடுகிற ஐந்து சபைகளில் ஒன்று நம் வீட்டிலிருந்து நடக்கிற தூரத்தில் இருக்கிறது, நாம் பெரியவர்களாகி ஒரு தடவைகூடச் சேர்ந்து போகவில்லை. களி நான் கிண்டுகிறேன். அரிசியும் பாசிப்பருப்பும் சிவக்க வறுபடும் வாசனைக்கே அம்மா அடுக்களைக்கு வந்துவிடுவாள். வெல்லப்பாகு பதம் மட்டும் இன்னும் அவள்தான் பார்க்க வேண்டும்.

இன்னொன்று. சாயங்காலம் வாடின பூவோடு சாணியைத் தட்டி, மொட்டை மாடியில் காயவைக்கிறேன், தினமும். தை பிறந்ததும் சிறுவீட்டுப் பொங்கல் வரும் இல்லையா? அப்பா முற்றத்தில் களிமண்ணில் நமக்குக் கட்டிக்கொடுத்த சின்ன வீடு, அதற்கு நீ வைத்த இரண்டு ஜன்னல், வாசலில் விரலளவு கோலம், குட்டிப் பானையில் பொங்கல். பொங்கலையும் பூ எருவையும் எடுத்துக்கொண்டு குறுக்குத்துறைக்குப் போய் ஆற்றில் விடுவோம். என் எரு முந்திப் போகிறதா, உன்னுடையதா என்று கரையோரமாகவே ஓடுவோம். இந்த வருசம் என் மகளுக்கு வீடு கட்ட வேண்டும். ஜன்னல் எப்படி வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை. "சித்தி வந்து வைப்பா" என்று அவளிடம் சொல்லிவிட்டேன்.

மிச்சம் இருக்கிற லீவை எண்ணினாயே, அதில் இரண்டு நாளைத் தையில் எடு. நெல்லை எக்ஸ்பிரஸில் ஏறிப் படுத்தால் காலையில் ஜங்ஷன். நான் வந்து நிற்கிறேன். எரு இதுவரை ஐந்து காய்ந்திருக்கிறது. பழைய பிஸ்கட் டின்னில் போட்டு, மூடியில் உன் பெயரை எழுதி வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
அக்கா