பில் வார்டு இல்லாத பிளாக் சப்பாத்

ஆசிரியருக்கு வணக்கம்.

ஞாயிறு இணைப்பில் பிரிட்டிஷ் ராக் குழுவான பிளாக் சப்பாத் பற்றி முழுப்பக்கக் கட்டுரை போட்டிருந்தீர்கள். தமிழ் நாளிதழ் ஒன்று ஹெவி மெட்டலுக்கு இவ்வளவு இடம் கொடுத்ததே பெரிய விஷயம், முதலில் அதற்கு நன்றி. ஆனால் 2013-ல் வந்த '13' ஆல்பத்தை அசல் உறுப்பினர்கள் நால்வரும் மீண்டும் சேர்ந்து வெளியிட்டதாக எழுதியிருக்கிறீர்கள். அது தவறு. சேர்ந்தது மூன்று பேர்தான், டிரம்மர் பில் வார்டு அதில் இல்லை. ஒரு பெயர் தவறாகச் சேர்ந்துபோனதற்கு இவ்வளவு நீளக் கடிதமா என்று நினைக்காதீர்கள். அந்த மனிதர் டிரம்ஸில் இருந்தால் ஒரு இசை, இல்லாவிட்டால் வேறு இசை, கேட்டவர்களுக்கு இது தெரியும்.

நடந்தது இதுதான். 2011 நவம்பர் 11 அன்று லாஸ் ஏஞ்சல்ஸில் நால்வரும் ஒன்றாக உட்கார்ந்து, புதிய ஆல்பமும் உலகச் சுற்றுப்பயணமும் வருகிறது என்று அறிவித்தார்கள். ஜனவரியில் கிடாரிஸ்ட் டோனி அயோமிக்கு லிம்போமா புற்றுநோய் என்று தெரிந்தது. பிப்ரவரியில் வார்டு, தன்னிடம் கொடுத்த ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட முடியாது என்று அறிக்கை விட்டார். அப்புறம் அவருடைய உடல்நிலையைப் பற்றிப் பாடகர் ஆஸி ஆஸ்போர்ன் பேச, அதற்கு வார்டு மன்னிப்புக் கேட்கச் சொல்ல, சண்டை வளர்ந்துகொண்டே போனது. அதில் யார் பக்கம் நியாயம் என்பதற்குள் நான் போகவில்லை. அயோமி சிகிச்சைக்கு நடுவில் அந்த ஆல்பத்தை வாசித்து முடித்தார், அதற்காக அவரை எவ்வளவு பாராட்டினாலும் தகும். தயாரிப்பாளர் ரிக் ரூபின், டிரம்ஸுக்கு 'ரேஜ் அகெய்ன்ஸ்ட் த மெஷின்' குழுவின் பிராட் வில்க்கைக் கொண்டுவந்தார். 1970-ல் வந்த 'பாரனாய்டு' ஆல்பத்துக்குப் பிறகு ஏறக்குறைய 43 ஆண்டுகள் கழித்து, '13' மூலம் குழுவுக்கு பிரிட்டனில் மீண்டும் முதலிடம் கிடைத்தது.

சரி, வெற்றிதான். ஆனால் '13' ஆல்பத்தைக் கேட்டுவிட்டு 1970-ன் முதல் ஆல்பத்தைப் போட்டுப் பாருங்கள். அயோமியின் ரிஃப், அதாவது திரும்பத் திரும்ப வரும் அந்தக் கிடார் வரி, அதே கனத்தோடு இருக்கிறது, கீசர் பட்லரின் பேஸ் கிடார் அப்படியே இருக்கிறது, ஆஸியின் குரல் வயதானாலும் அவர் குரல்தான். டிரம்ஸ் மட்டும் நேர்கோட்டில் போகிறது. வில்க் மோசமான கலைஞர் இல்லை, சுத்தமாக, ஒழுங்காக வாசித்திருக்கிறார். அந்த ஒழுங்குதான் எனக்கு இடித்தது.

கட்டுரையாளர் அயோமியின் விரல் கதையை நன்றாகவே சொல்லியிருந்தார்: 17 வயதில், தகரத் தொழிற்சாலையில் வேலையின் கடைசி நாளன்று, வலது கையின் இரண்டு விரல் நுனிகள் போனது, இடது கைப் பழக்கக்காரர் என்பதால் தந்தியை அழுத்த வேண்டிய கையே அதுதான் என்பது, பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கித் தொப்பி செய்து அதன்மேல் தோல் ஒட்டிக்கொண்டு வாசித்தது எல்லாம். அழுத்தச் சுலபமாக இருக்கட்டும் என்று மெல்லிய தந்தி போட்டார், 1971-ல் வந்த மூன்றாவது ஆல்பத்தில் சுருதியை ஒன்றரை படி இறக்கிக்கொண்டார். மெட்டலின் அந்த அடர்ந்த, கீழ்ஸ்தாயிச் சத்தத்துக்கு இது ஒரு முக்கியக் காரணம், மறுக்கவில்லை. ஆனால் முதல் இரண்டு ஆல்பங்களிலும் சுருதி இறக்கவே இல்லையே, அந்தக் கனம் அப்போதே இருந்ததே, அது எங்கிருந்து வந்தது?

இங்கேதான் வார்டு வருகிறார். பெரும்பாலான ராக் குழுக்களில் பேஸும் டிரம்ஸும் கைகோத்துக்கொண்டு போகும், கிடார் அதன்மேல் ஏறி உட்காரும். சப்பாத்தில் கீசர் போவது அயோமியின் ரிஃபோடு. இரண்டு பேரும் ஒரே வரியை வாசிக்கும்போது அது சுவர் மாதிரி எழும்பிவிடுகிறது, டிரம்மர் தனியாக நிற்கிறார். வேறு யாராக இருந்தாலும் ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று எண்ணிக்கொண்டு போயிருப்பார். வார்டு சின்ன வயதிலிருந்து ஜீன் க்ருப்பா போன்ற ஜாஸ் டிரம்மர்களைக் கேட்டு வளர்ந்தவர். அவர் ரிஃபைக் கேட்டு அதற்குப் பதில் சொல்வார். நம் கச்சேரிகளில் தாளத்துக்கு வாசிக்கிற மிருதங்கக்காரர் ஒரு ரகம், பாட்டுக்கு வாசிக்கிறவர் இன்னொரு ரகம் என்பார்கள், வார்டு இரண்டாவது ரகம்.

'வார் பிக்ஸ்' பாடலை எடுத்துக்கொள்ளுங்கள். பாட்டு வரிகள் தொடங்கும் இடத்தில் கிடாரும் பேஸும் இரண்டே அடி அடித்துவிட்டு நின்றுவிடும். மிச்ச இடம் முழுக்க ஆஸியின் குரலும், வார்டு காலால் திறந்து மூடும் ஜோடித் தட்டான ஹை-ஹாட் சிம்பலும் மட்டும்தான். அந்த டிக் டிக் சத்தத்தைக் கூர்ந்து கேளுங்கள், இயந்திரம் மாதிரி இருக்காது, கொஞ்சம் திறந்து மூடும், அடுத்த அடி விழப்போகிற இடத்துக்கு முன்னால் மூச்சு இழுக்கிற மாதிரி ஒரு சின்ன இழுப்பு வரும். போரைப் பற்றிய பாட்டு, அந்தப் பதைப்பை உண்டாக்குவது அந்த ஒற்றை சிம்பல். முதல் ஆல்பத்தைத் தொடங்கிவைக்கும், குழுவின் பெயரையே கொண்ட பாட்டில் அயோமி வாசிப்பது மூன்றே ஸ்வரங்கள், அதுவும் மிக மெதுவாக. அந்த இடைவெளிகளில் வார்டு டாம் என்கிற டிரம்களை உருட்டுகிற உருட்டல் இல்லாவிட்டால் அந்தப் பயம் பாதிதான் இருக்கும். அந்த ஆல்பத்தை ஒரே நாளில் ஸ்டுடியோவில் நேரடியாக வாசித்துப் பதிவு செய்தார்கள் என்பதையும் சேர்த்து யோசியுங்கள். ஒருவர் வாசிப்பதை இன்னொருவர் கேட்டு வாசித்ததால் வந்த இசை அது.

பழைய கதையிலும் வார்டுக்கு மோசமான வேலைதான் வாய்த்தது. 1979-ல் ஆஸியைக் குழுவிலிருந்து நீக்கியபோது, போய்ச் சொல்ல வேண்டிய பொறுப்பு அவருடைய நெருங்கிய நண்பரான வார்டின் தலையில் விழுந்தது. அடுத்த வருடம் ரோனி ஜேம்ஸ் டியோ பாடிய 'ஹெவன் அண்ட் ஹெல்' வந்தது, என் கணக்கில் அது அருமையான ஆல்பம், அதிலும் டிரம்ஸ் வார்டுதான், ஆனால் சுற்றுப்பயணத்தின் நடுவிலேயே குடிப்பழக்கத்தோடு போராடியபடி விலகிவிட்டார். உண்மையான மறுகூடல் என்றால் 1997 டிசம்பரில் பர்மிங்ஹாமில் நடந்த நிகழ்ச்சிகளைத்தான் சொல்வேன், அடுத்த வருடம் 'ரீயூனியன்' என்ற பெயரிலேயே ஆல்பமாக வந்தது. நால்வரும் இருக்கிறார்கள். 1998-ல் வார்டுக்கு மாரடைப்பு வந்தது, அதிலிருந்து மீண்டு திரும்ப வந்து வாசித்தார்.

2017 பிப்ரவரி 4 அன்று பர்மிங்ஹாமில் கடைசி நிகழ்ச்சி என்று சொல்லி விடைபெற்றபோதும் டிரம்ஸில் இருந்தவர் டாமி கிளுஃபெட்டோஸ். கட்டுரையோடு நீங்கள் போட்ட மேடைப் படமும் அந்த விடைபெறும் சுற்றுப்பயணத்தினுடையதுதான், அதன் கீழே வார்டின் பெயரைப் போட்டிருக்கிறீர்கள். இதையும் திருத்த வேண்டும்.

கடைசியில் 2025 ஜூலை 5 அன்று, அவர்கள் வளர்ந்த ஆஸ்டன் பகுதியிலேயே இருக்கும் வில்லா பார்க் கால்பந்து மைதானத்தில், இருபது ஆண்டுகளுக்குப் பிறகு நால்வரும் ஒரே மேடையில் ஏறினார்கள். பார்கின்சன் நோயால் எழுந்து நிற்க முடியாமல் ஆஸி பெரிய நாற்காலியில் உட்கார்ந்து பாடினார். நான்கே பாடல்கள், முதலாவது 'வார் பிக்ஸ்'. வார்டுக்கு 77 வயது. வேகம் அங்கங்கே தளர்ந்தது, சில இடங்களில் கிடாருக்கும் டிரம்ஸுக்கும் சரியாகப் பொருந்தவில்லை, இதையெல்லாம் பட்டியல் போட்டு விமர்சித்தவர்கள் உண்டு. எனக்கு அந்தத் தளர்ச்சிக்குள்ளேயும் ஜாஸில் ஸ்விங் என்பார்களே, அந்தப் பழைய ஊசலாட்டம் கேட்டது, '13' முழுவதிலும் கேட்காத ஒன்று. பதினேழு நாள் கழித்து ஆஸி இறந்துவிட்டார், இனி நால்வரும் சேர வழியில்லை.

ஆகவே இரண்டு திருத்தங்களையும் வெளியிடுங்கள். கட்டுரையாளர் அடுத்து இந்தக் குழுவைப் பற்றி எழுதுவதாக இருந்தால், புதிதாகக் கேட்க வருகிற இளைஞர்களுக்கு '13' ஆல்பத்தை முதலில் பரிந்துரைக்க வேண்டாம் என்றும் கேட்டுக்கொள்கிறேன். முதல் ஆல்பத்தையும் 'பாரனாய்டு' ஆல்பத்தையும் சொல்லுங்கள், பிறகு 'ரீயூனியன்', அதற்கப்புறம் '13'.

இப்படிக்கு,
உங்கள் நீண்ட நாள் வாசகன்,
திருச்சி