சர்வர் பாதுகாப்பு: தானியங்கி முறையும் வேண்டும், நிதானமும் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

கணினிப் பாதுகாப்பு என்றாலே வைரஸ் தடுப்பு மென்பொருளோடு பேச்சை முடித்துவிடுகிறார்கள். சர்வர்களைப் பராமரிப்பவன் சொல்கிறேன்: லினக்ஸ் இயங்குதளத்தை நிறுவிய கையோடு தேவையற்ற சேவைகளை நிறுத்த வேண்டும், தொலைவிலிருந்து சர்வருக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்எச் வழியாக, எல்லா அதிகாரமும் கொண்ட ரூட் கணக்கு நேரடியாக நுழைவதைத் தடுக்க வேண்டும். கையால் செய்தால் ஏதாவது ஒரு சர்வரில் ஏதாவது ஒன்று விடுபடும். ஆன்சிபிள் என்ற தானியங்கி அமைப்புக் கருவியில் இவற்றை எழுதிவைத்தால் எல்லாவற்றிலும் ஒரே மாதிரி அமையும்.

ஆனால் சிஐஎஸ் என்ற இணையப் பாதுகாப்பு அமைப்பின் பரிந்துரைகளைக் கண்ணை மூடிக்கொண்டு அமல்படுத்துவது வம்பு. தற்காலிகக் கோப்புறையில் நிரல்கள் இயங்கத் தடை போட்டால் சில மென்பொருள்களை நிறுவவே முடியாது. ரூட்டை அடைக்கும் முன் நிர்வாகிக்கு வேறு கணக்கு இருக்கிறதா என்று பார்க்காத நிரல், திருடனோடு வீட்டுக்காரனையும் வெளியே நிறுத்திவிடும். எந்த மேலாளர் அவசரப்படுத்தினாலும், சோதனை சர்வரில் ஓட்டிப் பார்க்காத நிரலை நான் மற்றவற்றில் ஏற்றுவதில்லை.

– ஒரு சர்வர் நிர்வாகி