மச்சம் படாத கிடாரம் தந்தவர்களுக்கு

அன்புள்ள உறவுகளுக்கும் நண்பர்களுக்கும்,

தம்பி இறந்தபின் செய்யும் அந்தியேட்டிக் கிரியை முடிந்துவிட்டது. எங்கள் வீட்டில் நடந்தது உங்கள் எல்லோருக்கும் தெரியும். அதைத் திரும்ப எழுத எனக்குக் கை வரவில்லை. நன்றி சொல்ல வேண்டியவர்கள் நிறையப் பேர். ஆனால் அவர்களில் ஒரு கூட்டத்தாரைப் பற்றி நம் ஆட்களுக்கு விவரமாக எழுத வேண்டும் என்று அம்மா பிடிவாதமாக நிற்கிறார். அவர்களுக்கு டொச்சில், அதாவது ஜேர்மன் மொழியில், தனியாக ஒரு கடிதம் கொடுத்துவிட்டோம். இது உங்களுக்கு.

பேசிவைத்திருந்த மண்டபம் கடைசி நேரத்தில் இல்லை என்றாகிவிட்டது. மகளோடு படிக்கும் பிள்ளையின் தகப்பன் எங்கள் ஊர் அலெவிச் சங்கத்தின் நிர்வாகத்தில் இருக்கிறார். அலெவிகள் துருக்கியிலிருந்து வந்த ஒரு சமயக் கூட்டத்தார். அவரிடம் நாங்கள் கேட்கக்கூட இல்லை. பிள்ளைகள் பேசிக்கொண்டதைக் கேட்டுவிட்டு, அன்று மாலையே சங்க மண்டபத்தின் திறப்பைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். வாடகை என்று வாயெடுத்தபோது தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டார்.

மண்டபம் கிடைத்ததே பெரிது என்றுதான் நினைத்தோம். சாப்பாட்டை நாலைந்து வீடுகளில் சமைத்துக் காரில் கொண்டுவரலாம் என்று மாமி சொல்லியிருந்தார். அவர்களுடைய சமையலறையைப் புழங்குகிற எண்ணமே எங்களுக்கு இல்லை. அங்கே கிடாய் வெட்டிச் சமைத்துப் பரிமாறுவார்கள் என்று தெரியும். தம்பியின் படையலுக்கு மச்சம் புழங்கின பாத்திரத்தை அம்மா தொடமாட்டார். அதை அவர்களிடம் எப்படிச் சொல்வது? சொல்லாமலே விட்டுவிட்டோம்.

விடியற்காலையில் கதிரை அடுக்கப் போனபோது சமையலறையில் வெளிச்சம் தெரிந்தது. எழுபது தாண்டிய ஒரு அம்மா, முழங்கை வரை சட்டையைச் சுருட்டிக்கொண்டு, அடுப்பில் வெந்நீர் கொதிக்கவைத்துக்கொண்டிருந்தார். பூட்டியிருந்த ஒரு அலுமாரியைத் திறந்தார். உள்ளே வெள்ளைத் துணியால் மூடிய பெரிய கிடாரங்கள். ஒன்றை இழுத்து வெளியே வைத்து, அதன் விளிம்பைத் தட்டிக்காட்டி, உடைந்த டொச்சில் சொன்னார்: "இறைச்சி இல்லை. ஒருநாளும் இல்லை. அஷுரே மட்டும்."

அப்புறம் ஒரு கடதாசிப் பையைத் திறந்தார். உள்ளே விலைச்சீட்டுக்கூடக் கிழிக்காத புது மர அகப்பைகள். பழைய அகப்பை மரம் என்பதால் இறைச்சிச் சாற்றைக் குடித்திருக்கும், கழுவினாலும் போகாது என்று கையால் சைகை செய்து காட்டினார். எங்கள் வீட்டில் இப்போது மச்சம் இல்லை என்று மகளின் சிநேகிதி சொன்ன ஒரு வரியைக் கேட்டுவிட்டு, அந்த அம்மாவே கடைக்குப் போய் வாங்கி வந்திருக்கிறார்.

அம்மா அந்த அகப்பையைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டு அழுதார். அந்தியேட்டிக்கு முதல்நாள் வரை அம்மா அழாமல் இருந்தவர் என்பது உங்களில் பலருக்குத் தெரியும்.

அஷுரே என்றால் கோதுமை, கடலை, பயறு, உலர்ந்த பழங்கள் எல்லாம் போட்டுக் காய்ச்சும் இனிப்புக் கஞ்சி. கர்பலாவில் கொல்லப்பட்ட, முகம்மது நபியின் பேரன் ஹுசைனுக்காக முஹர்ரம் மாதத்தில் அலெவிகள் பன்னிரண்டு நாள் நோன்பிருந்து துக்கம் காப்பார்கள். அந்த நாட்களில் இறைச்சி தொடமாட்டார்கள். வெறும் தண்ணீர்கூடக் குடிக்காதவர்கள் உண்டு, ஹுசைன் தாகத்தோடு இறந்தார் என்பதால். நோன்பு முடிந்ததும் அஷுரே காய்ச்சி அக்கம்பக்கம் எல்லோருக்கும் கொடுப்பார்கள். அந்தக் கிடாரங்களில்தான் எங்கள் பருப்பும் பூசணிக்காயும் சோறும் வெந்தன. "எங்கள் துக்கத்திலும் இறைச்சி இல்லை" என்று அந்த அம்மா சொன்னதை அவருடைய பேத்தி எங்களுக்கு டொச்சில் சொன்னாள்.

வெங்காயம் உரித்துக்கொண்டே அந்த அம்மா தன் கதையையும் கொஞ்சம் சொன்னார். 1961 அக்டோபரில் மேற்கு ஜேர்மனி துருக்கியோடு ஆள் எடுக்கும் ஒப்பந்தம் போட்டதல்லவா, அதற்குப் பிறகு வந்த பெண் தொழிலாளரில் ஒருவர். தொழிற்சாலை விடுதியில் ஒரே அறையில் துருக்கிப் பெண்கள் பலர். தான் அலெவி என்று தெரிந்த நாளிலிருந்து, இவர் சுட்ட ரொட்டியை எடுப்பதைச் சிலர் நிறுத்திவிட்டார்களாம். அலெவி அறுத்ததை உண்ணாதே, சமைத்ததைத் தொடாதே என்ற பேச்சு துருக்கியில் தலைமுறை தலைமுறையாக இருக்கிறது. அதனால்தான் ஊரைவிட்டு வந்த பிறகும் பலர் தாங்கள் யார் என்று சொல்லாமலே வேலை செய்து, பிள்ளை வளர்த்து, வயதானார்கள்.

பாத்திரத்தை வைத்து மனிதரை ஒதுக்குவது என்னவென்று நமக்குத் தெரியாதா? யாழ்ப்பாணத்துத் தேநீர்க் கடைகளில் சிலருக்கு மட்டும் தனிப் பேணி இருந்த காலத்தை அப்பாவே கண்டவர். அதையெல்லாம் அனுபவித்த ஒருவரிடம் போய், உங்கள் பாத்திரம் எங்களுக்கு ஆகாது என்று சொல்ல நேர்ந்திருந்தால் எவ்வளவு நொந்திருப்பார்! அந்த அம்மாவோ அதை அவமதிப்பாக எடுக்கவே இல்லை. ஒரு தாயின் துக்கம் என்று எடுத்துக்கொண்டார். எங்களைச் சொல்லவைக்காமலே முதலில் எழுந்து கிடாரத்தைக் கழுவினார். நான் எத்தனை நன்றி எழுதினாலும் இதற்குக் காணாது.

"அந்தியேட்டியை முஸ்லிம்களின் மண்டபத்திலா வைத்தீர்கள்?" என்று நம்மவர் ஒருவர் கேட்டார். கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை, அறியாமல்தான். அவருக்கும் சேர்த்து எழுதுகிறேன். அலெவிகளில் துருக்கியர் உண்டு, குர்தியர் உண்டு, ஸாஸா மொழி பேசுவோர் உண்டு. தாங்கள் இஸ்லாத்துக்குள் ஒரு வழியா, தனி நெறியா என்று அவர்களுக்குள்ளேயே விவாதம் இருக்கிறது. அதை அவர்கள்தான் சொல்ல வேண்டும். அவர்கள் கூடும் இடம் ஜெமெவி. ஆணும் பெண்ணும் ஒன்றாக வட்டமாக அமர்வார்கள். சாஸ் என்ற நரம்பு வாத்தியத்தை மீட்டிப் பாடுவது வழிபாட்டின் முக்கியமான பகுதி. ஜேர்மனியில் மட்டும் ஐந்து லட்சத்துக்கும் மேல் இருப்பார்கள் என்று கணிப்பு.

1989இல் ஹம்பேர்க்கில் அவர்கள் ஓர் அறிக்கை வெளியிட்டார்கள்: நாங்கள் அலெவிகள், எங்களை அங்கீகரியுங்கள் என்று. ஒளித்து வாழ்ந்தவர்களுக்கு அது எவ்வளவு பெரிய அடி எடுத்துவைப்பு! பிறகு 1993 ஜூலை 2. துருக்கியின் சிவாஸ் நகரில், அலெவிகள் போற்றும் பழைய கவிஞர் பிர் சுல்தான் அப்தாலின் விழாவுக்கு வந்த கவிஞர்களும் பாடகர்களும் செமா என்ற வழிபாட்டு நடனம் ஆடும் இளம்பிள்ளைகளும் தங்கியிருந்த மதிமாக் ஹோட்டலைக் கும்பல் ஒன்று வளைத்துத் தீ வைத்தது. விழாவுக்கு வந்த 33 பேரும் ஹோட்டல் ஊழியர் 2 பேரும் இறந்தார்கள். அதற்குப் பிறகுதான் ஐரோப்பாவின் ஊர் ஊராகச் சங்கங்கள் பெருகின. இன்று கொலோனைத் தலைமையிடமாகக் கொண்ட அவர்களின் கூட்டமைப்பில் 160க்கும் மேற்பட்ட சங்கங்கள் இருக்கின்றன. பல மாநிலங்களில் பிள்ளைகள் பள்ளிக்கூடத்திலேயே அலெவி சமய பாடம் படிக்கிறார்கள். 2020 டிசம்பரில் நமது மாநிலம், நோர்த்ரைன் வெஸ்ட்பாலியா, கூட்டமைப்புக்குத் தேவாலயங்களுக்கு உள்ளது போன்ற பொதுச் சட்ட அந்தஸ்தைக் கொடுத்தது. இவ்வளவையும் கட்டியவர்கள், பகலில் தொழிற்சாலையிலும் மாலையில் சங்கத்திலும் நின்ற இந்த அம்மாவைப் போன்றவர்கள்.

மண்டபத்தின் சுவரில் அந்த 33 பேரின் படங்களும் வரிசையாக இருக்கின்றன. சாப்பாடு முடிந்து எல்லோரும் கலைந்த பிறகு, தம்பியின் படத்துக்குச் சாத்தி மிஞ்சிய பூவை எடுத்துக்கொண்டு அம்மா அங்கே போனார். யாரென்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. படம் வைத்துப் பூப்போடும் வீட்டிலிருந்து வந்தவருக்குச் சொல்ல வேண்டியும் இருக்கவில்லை. வைக்கலாமா என்று கண்ணால் கேட்டார். அந்த அம்மா வலது கையை நெஞ்சில் வைத்துத் தலை குனிந்தார்.

பிறகு ஒரு வியாழக்கிழமை மாலை எங்களையும் ஜெம் வழிபாட்டுக்கு அழைத்தார்கள். தொடங்கும் முன் தெதே, அதாவது அவர்களின் பெரியவர், கூடியிருப்பவர்களைப் பார்த்துக் கேட்கிறார்: ஒருவர்மேல் ஒருவருக்கு மனத்தாங்கல் இருக்கிறதா, எல்லோருக்கும் எல்லோர்மீதும் சம்மதமா? இருந்தால் எழுந்து சொல்ல வேண்டும். தீர்த்துக்கொண்ட பிறகுதான் வழிபாடு. எனக்கு நம் சங்கங்களின் நினைவு வந்தது. எத்தனை பிளவு, எத்தனை வருடம் முகம் பார்க்காத ஆட்கள்! தம்பியும் அதை நினைத்து நொந்தவன். ஒவ்வொரு பொதுக்கூட்டத்தையும் நாமும் அந்தக் கேள்வியோடு தொடங்கினால் நல்லது என்று மனதார நினைக்கிறேன். பொறுப்பில் உள்ளவர்கள் தயவுசெய்து யோசியுங்கள்.

சரி, மற்றவர்களை மறக்கவில்லை. கதிரை அடுக்கிய, குப்பை கட்டிய சங்கத்து இளைஞர்கள் (2023 பெப்ரவரி பூகம்பத்தில் துருக்கியின் பசார்ஜிக் பக்கம் சொந்தங்களை இழந்த வீட்டுப் பிள்ளைகளும் அவர்களில் உண்டு), தேநீர் ஊற்றிக்கொண்டே இருந்த பெண்கள், கிரியை செய்த ஐயர், இரவோடு இரவாகக் கல்வெட்டை, அதாவது தம்பியின் நினைவுப் புத்தகத்தை, அச்சடித்துத் தந்த அண்ணை, பாரிஸிலிருந்தும் சூரிச்சிலிருந்தும் ஓடிவந்தவர்கள், தம்பியின் வேலைத்தலத்து நண்பர்கள், சோறு கொண்டுவந்து கதவடியில் வைத்துவிட்டு மணி அடிக்காமல் போன அயலவர்கள். உங்கள் ஒவ்வொருவருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

இனி அஷுரே காய்ச்சும் நாளில் எங்கள் வீட்டார் அந்தச் சமையலறையில் நிற்போம். பயறு ஊறவைப்பதும் கிடாரம் கழுவுவதும் எங்கள் வேலை என்று சங்கத்தில் சொல்லிவிட்டோம், ஒப்புக்கொண்டார்கள். ஜூலை 2 நினைவுகூரலுக்கும் போவோம். நம் ஆட்களில் வர விரும்புகிறவர்கள் எனக்கு முன்கூட்டியே சொல்லுங்கள். எத்தனை பேர் என்று அந்த அம்மாவுக்குச் சொல்ல வேண்டும். இல்லையென்றால் எல்லோருக்கும் தானே தனியாகச் சமைத்துவிடுவார்.

அன்புடனும் நன்றியுடனும்,
அக்கா, அம்மா, அப்பா, பிள்ளைகள்